தேதி தாண்டிய பாக்கெட்: குப்பைக்கா, வாய்க்கா?

கேள்வி: எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜைத் திறந்தாலே சண்டைதான். பாக்கெட்டில் போட்ட தேதி முடிந்துவிட்டால் என் கணவர் யாரையும் கேட்காமல் தூக்கிக் குப்பையில் போட்டுவிடுவார். போன வாரம் இரண்டு பாக்கெட் பிஸ்கட், ஒரு டப்பா தயிர், பாதி பாட்டில் எண்ணெய் எல்லாம் போயிற்று. மாமியாருக்கு இது அடியோடு பிடிக்காது. அவருக்கு 72 வயது, சர்க்கரை நோயும் உண்டு. "மூக்கு எதற்கு இருக்கிறது?" என்று கேட்டு, முகர்ந்து பார்த்து, ஒரு வாய் ருசியும் பார்த்துத்தான் எதையும் முடிவு செய்வார். தேதி முடிந்து ஒரு நாள் ஆன கோழிக்கறி பாக்கெட் ஒன்று பிரிக்காமல் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. "நன்றாகக் கொதிக்க விட்டால் எல்லாம் செத்துப்போகும்" என்கிறார் அவர். கூடவே சில முட்டைகள், ஓரத்தில் பூசணம் பூத்த ரொட்டி, அலமாரியில் பழைய டின் உணவுகள், ஒரு பை நிலக்கடலை. நாத்தனார் ஐந்து மாதக் கர்ப்பிணி, எங்களோடுதான் இருக்கிறார், அதனால் எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த இருவரில் யார் சொல்வது சரி? இன்னொன்று, உப்புக்கும் தேனுக்கும்கூடத் தேதி போடுகிறார்களே, அது ஏன்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தக் கோழிக்கறி. பாக்கெட்டைப் பிரிக்காமல் அப்படியே ஒரு பையில் போட்டுக் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள். அது வைத்திருந்த தட்டை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ஏதாவது கசிந்திருந்தால் அதையும் துடைத்துவிடுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

கோழிக்கறியில் உங்கள் கணவர் பக்கம் நியாயம். பிஸ்கட்டிலும் எண்ணெயிலும், அநேகமாகத் தயிரிலும், மாமியார் பக்கம் நியாயம். இருவரும் கையில் ஒரே ஒரு விதியை வைத்துக்கொண்டு எல்லாப் பொருளையும் அதிலேயே அளக்கிறார்கள், சண்டை அங்கேதான் ஆரம்பிக்கிறது. உணவு நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் எங்களிடம் ஒரு பாக்கெட்டைக் கொடுத்தால் தேதியைக் கடைசியில்தான் பார்ப்போம். முதலில் பார்ப்பது, இதில் என்ன வளர முடியும், இதை எப்படி வைத்திருந்தார்கள், சாப்பிடப்போவது யார் என்பதைத்தான்.

ஆனாலும் தேதியிலிருந்தே தொடங்குகிறேன், உங்கள் கேள்வி அதுதானே.

பாக்கெட்டில் அச்சிட்ட தேதிகள் எல்லாம் ஒரே ஜாதி இல்லை. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் கோடெக்ஸ் அலிமென்டேரியஸ் என்ற அமைப்புதான் உணவுப் பொருட்களுக்கான உலகப் பொதுத் தரங்களை வகுக்கிறது. அது 2018-ல் தன் லேபிள் தரத்தைத் திருத்தியபோது இரண்டு தேதிகளைத் தனித்தனியாகப் பிரித்துச் சொன்னது. ஒன்று 'பெஸ்ட் பிஃபோர்'. அந்த நாள்வரை ருசி, மணம், மொறுமொறுப்பு எல்லாம் தயாரித்தவர் சொன்ன தரத்தில் இருக்கும் என்று பொருள். அதற்குப் பிறகு தரம் மெல்ல இறங்கலாம், ஆனால் சாப்பிடக்கூடாது என்று அது சொல்லவில்லை. இன்னொன்று 'யூஸ் பை', அல்லது 'எக்ஸ்பைரி'. இது பாதுகாப்பை வைத்துப் போடுவது. சீக்கிரம் கெடக்கூடிய, கெட்டால் ஆளைப் படுக்கவைக்கக்கூடிய பொருட்களுக்கானது. இந்தத் தேதி தாண்டினால் பேரம் பேசக்கூடாது. 'உற்பத்தி தேதி', 'பேக் செய்த தேதி' என்று மட்டும் போட்டு, இத்தனை மாதத்துக்குள் பயன்படுத்தவும் என்று எழுதியிருப்பதும் உண்டு. இதில் எது எந்தப் பாக்கெட்டில் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் கணவர் எண்களை மட்டும் படிக்கிறார், அதற்கு முன்னால் இருக்கும் இரண்டு வார்த்தையைப் படிப்பதில்லை என்று நினைக்கிறேன்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் அதன் மேல் பயமும் குறையும், அலட்சியமும் குறையும். புதிதாக ஒரு பொருள் தயாரிக்கும்போது ஒரே நாளில் செய்த பாக்கெட்டுகளை நிறைய எடுத்து, வீட்டில் எந்தக் குளிரில் இருக்குமோ அந்தக் குளிரில் அடுக்கி வைப்பார்கள். குறிப்பிட்ட நாட்களுக்கு ஒரு தரம் சிலவற்றைப் பிரித்து, அதில் எத்தனை பாக்டீரியா வளர்ந்திருக்கிறது, புளிப்பு ஏறியிருக்கிறதா, கொழுப்பு காறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆபத்தான பொருள் என்றால், நோய்க் கிருமியைத் தாங்களாகவே கொஞ்சம் உள்ளே விட்டு அது எந்த வேகத்தில் பெருகுகிறது என்றும் பார்ப்பது உண்டு. எந்த நாளில் எல்லை மீறுகிறதோ அதிலிருந்து சில நாட்களைக் கழித்துவிட்டுத்தான் தேதியைப் போடுவார்கள். வீட்டு ஃப்ரிட்ஜை ஆய்வகப் பெட்டி மாதிரி யாரும் நடத்துவதில்லை என்று அவர்களுக்கும் தெரியும்.

ஆக, நள்ளிரவு 12 மணி அடித்ததும் பாக்கெட்டுக்குள் எதுவும் மாறிவிடுவதில்லை. அதே சமயம் அந்தத் தேதிக்கு ஒரு நிபந்தனை உண்டு. அது பொடி எழுத்தில் பக்கத்திலேயே இருக்கும்: '4 டிகிரிக்குக் கீழ் வைக்கவும்', 'திறந்த பின் 3 நாட்களுக்குள் பயன்படுத்தவும்'. ஃப்ரிட்ஜ் 9 டிகிரியில் ஓடினால் அந்தத் தேதிக்கு மதிப்பே இல்லை, அதற்கு முன்பே கெட்டுப்போகலாம். பாக்கெட்டைப் பிரித்துவிட்டாலும் அப்படித்தான். பிரித்த நிமிடத்திலிருந்து வேறு கணக்கு ஓட ஆரம்பிக்கிறது. தேதி இன்னும் இரண்டு வாரம் இருக்கிறதே என்று திறந்த பாலை வைத்துக் குடிப்பவர்கள் எத்தனை பேர்! உங்கள் கணவரும் அந்தப் பட்டியலில் இருக்கலாம், தேதியை நம்புகிறவர்கள்தான் இதில் எளிதாக மாட்டுவார்கள்.

இப்போது மூக்கு.

மாமியாரின் மூக்கை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். காறல் வாடை, ஊசிப்போன வாடை, பால் திரியப்போகும் நேரத்து மணம், இதெல்லாம் பழகிய மூக்குக்கு உடனே தெரியும். ஆனால் உணவைக் கெடுப்பவை ஒரு கூட்டம், நம்மைக் கெடுப்பவை இன்னொரு கூட்டம். ஃப்ரிட்ஜில் வைத்த கறியை நாறவைப்பதும் பாலைக் கசக்கவைப்பதும் பெரும்பாலும் சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள். நாற்றமும் பிசுபிசுப்பும் அவை போடும் கூச்சல். பெரும்பாலான ஆட்களுக்கு அவற்றால் பெரிய கெடுதல் இல்லை. சால்மோனெல்லா, லிஸ்டீரியா போன்றவை அப்படிக் கூச்சல் போடுவதில்லை. ஆளைச் சாய்க்கும் அளவுக்கு அவை இருந்தாலும் உணவின் நிறம், மணம், ருசி எதுவும் மாறாமல் இருக்கலாம். கெட்ட வாடை வந்தால் வேண்டாம் என்று முடிவு செய்ய மூக்கை நம்பலாம். வாடை இல்லை என்பதால் சாப்பிடலாம் என்று முடிவு செய்ய அதை நம்பக்கூடாது.

ஒரு வாய் ருசி பார்ப்பதை மட்டும் அடியோடு நிறுத்தச் சொல்லுங்கள். 65 வயது தாண்டியவர்கள், சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆகியோருக்குத்தான் உணவுவழி நோய்கள் கடுமையாக வரும். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் முன்னால் சந்தேகமான உணவை வாயில் வைப்பவர் 72 வயதுச் சர்க்கரை நோயாளி. மகன் பேச்சை அவர் கேட்காவிட்டாலும், 'உங்கள் உடம்புக்குத்தான் முதலில் வரும்' என்று மருமகள் சொன்னால் கேட்பார் என்று நம்புகிறேன்.

"கொதிக்க விட்டால் எல்லாம் செத்துப்போகும்" என்கிறாரே, அதற்கு வருகிறேன். உயிரோடு இருக்கும் கிருமிகளைப் பொறுத்தவரை அவர் சொல்வது பெரும்பாலும் சரி. கறியின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட்டுவிட்டால் சால்மோனெல்லாவும் கேம்பிலோபாக்டரும் தாங்காது. ஆனால் சில கிருமிகள் சாவதற்கு முன்பே நச்சை விட்டுவிட்டுப் போகின்றன. நம் கையிலும் மூக்கிலும் சாதாரணமாக இருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் விடும் நச்சு அரை மணி நேரம் கொதித்தாலும் வீரியம் குறையாது. சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் இன்னும் மோசம். அதன் விதைத்துகள் அரிசி வேகும் சூட்டைத் தாங்கிப் பிழைத்துக்கொள்ளும். சோறு வெளியே கிடந்து ஆறும்போது முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் செரியுலைடு என்ற நச்சை விடும். 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அந்த நச்சு அழியாது என்று ஆய்வகங்களில் பார்த்திருக்கிறார்கள். வீட்டு அடுப்பில் நாம் எதைச் செய்துவிட முடியும்? சூரை போன்ற மீன்கள் குளிர் குறைந்து கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமை மாதிரித் தொல்லை தரும் பொருள் சேரும், அதுவும் சமைத்தால் போகாது.

அப்படியானால் ஒரு நாள் தாண்டிய அந்தக் கோழிக்கறியை நன்றாக வேகவைத்துத் தின்றால் நிச்சயம் நோய் வருமா? வராமலும் போகலாம். ஒழுங்கான ஃப்ரிட்ஜில், பிரிக்காமல், ஒரு நாள்தான் என்றால் வராமல் போகவே வாய்ப்பு அதிகம். ஆனால் உங்கள் ஃப்ரிட்ஜ் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, வீட்டில் கர்ப்பிணியும் முதியவரும் இருக்கிறார்கள், கிடைக்கப்போவது ஒரு வேளைக் குழம்பு. அதற்காக நான் அந்தப் பந்தயம் கட்டமாட்டேன். அடுத்த முறை கறி வாங்கினால், தேதி முடிவதற்குள் சமைக்க முடியாது என்று தெரிந்த அன்றே ஃப்ரீசருக்கு மாற்றிவிடுங்கள். மைனஸ் 18 டிகிரியில் கிருமிகள் சாவதில்லை, ஆனால் பெருகுவது நின்றுவிடும். தேதிக்கு முன்பே உறைந்த கறி பல மாதம் பாதுகாப்பாக இருக்கும். எடுக்கும்போது ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிட்டு, ஒரு நாளுக்குள் சமைத்துவிடவும். (சொல்ல மறந்துவிடப்போகிறேன்: பச்சைக் கோழியைக் குழாயடியில் கழுவாதீர்கள். தெறிக்கும் நீர்தான் அடுப்படி முழுக்கக் கிருமியைப் பரப்பும்.)

நாத்தனாரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஃப்ரிட்ஜ் குளிரைப் பார்த்துப் பெரும்பாலான நோய்க் கிருமிகள் சுருண்டுவிடும். லிஸ்டீரியா சுருளாது, உறைநிலைக்குப் பக்கத்தில்கூட மெதுவாக வளரும். சமைத்து, துண்டு போட்டு, பாக்கெட்டில் அடைத்து வரும் இறைச்சி, புகையூட்டிய மீன், காய்ச்சாத பாலில் செய்த மென்மையான சீஸ், நறுக்கிய பழத்துண்டுகள், திரும்பச் சூடாக்காமல் அப்படியே தின்னும் இந்த மாதிரிப் பொருட்களில்தான் அதற்குக் கொண்டாட்டம். மற்றவர்களுக்கு லேசான காய்ச்சலோடு போய்விடலாம். கர்ப்பிணிக்கும் பெரிதாகத் தெரியாமல் போகலாம், ஆனால் கருவைக் கலைக்கக்கூடியது. சாப்பிட்டு இரண்டு மாதம் கழித்துக்கூட நோய் தலைகாட்டலாம் என்பதால் எதைத் தின்று வந்தது என்றே தெரியாமல் போவது உண்டு. ஆகவே அவர் தட்டில் விழும் எதற்கும் 'யூஸ் பை' தேதியில் ஒரு மணி நேரச் சலுகைகூட வேண்டாம். புகையூட்டிய மீனையும் துண்டு போட்ட பாக்கெட் இறைச்சியையும் ஆவி பறக்கச் சூடாக்காமல் அவருக்குக் கொடுக்க வேண்டாம், தேதி எவ்வளவு மிச்சமிருந்தாலும்.

தயிர் வேறு ரகம். புளிப்புதான் அதற்குக் காவல். அதன் அமிலத்தில் நோய்க் கிருமிகளால் பெருக முடிவதில்லை. குளிரிலேயே இருந்த, மூடி பிரியாத தயிர் தேதி தாண்டி சில நாள் ஆனாலும் கொஞ்சம் கூடுதலாகப் புளிக்கும், அவ்வளவுதான். மேலே தண்ணீர் பிரிந்து நிற்பது கெட்டதற்கு அடையாளம் இல்லை, கலக்கிக்கொள்ளலாம். மூடி உப்பியிருந்தாலோ, திறக்கும்போது நுரைத்தாலோ, பூசணப் புள்ளி ஒன்று தெரிந்தாலோ கொட்டிவிடுங்கள். இங்கே மூக்கும் கண்ணும் நன்றாக வேலை செய்யும், மாமியாரிடமே விட்டுவிடலாம். ஆனால் அதன் மேல் 'யூஸ் பை' என்று போட்டிருந்தால் நாத்தனாருக்கு மட்டும் அந்தத் தேதியையே பிடித்துக்கொள்ளுங்கள்.

பாலில் இரண்டு வகை. சாதாரணமாகப் பதப்படுத்திய பாலை 72 டிகிரியில் 15 விநாடி காட்டி எடுக்கிறார்கள். நோய்க் கிருமிகள் போகும், கெடவைக்கும் சில மிஞ்சும், அதனால்தான் ஃப்ரிட்ஜிலும் சில நாளில் திரிகிறது. அட்டைப்பெட்டியில் வரும் நாள்பட்ட பாலை 135 டிகிரிக்கு மேல் சில விநாடி சூடாக்கி, காற்றுப் படாமல் அடைக்கிறார்கள். பிரிக்காதவரை வெளியிலேயே மாதக்கணக்கில் இருக்கும். பிரித்துவிட்டால் அதுவும் சாதாரணப் பால்தான், சில நாட்களுக்குள் முடித்துவிட வேண்டும்.

முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பதை மாமியார் நிச்சயம் செய்வார். முட்டை பழசாகப் பழசாக ஓட்டின் துளைகள் வழியாக ஈரம் வெளியேறி உள்ளே காற்றறை பெரிதாகிறது, அதனால் மிதக்கிறது. வயதைச் சொல்லும் சோதனை அது, சால்மோனெல்லா இருக்கிறதா என்று சொல்லாது. அந்தக் கிருமி நேற்று இட்ட முட்டைக்குள்ளும், ஓட்டில் கீறலே இல்லாமல் இருக்கலாம். ஃப்ரிட்ஜில் இருந்த முட்டை தேதிக்குப் பிறகும் கொஞ்ச நாள் தாங்கும். தனிக் கிண்ணத்தில் உடைத்து முகர்ந்து பாருங்கள், அழுகிய முட்டையின் நாற்றத்தைத் தவறவிடவே முடியாது. வெள்ளையும் மஞ்சளும் கெட்டியாகும்வரை வேகவைத்துத் தின்னலாம். அரைவேக்காடாகத் தின்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது.

பிஸ்கட், பருப்பு, அரிசி, மசாலாப் பொடி, பாஸ்தா இவற்றில் தேதியைப் பார்த்து யாரும் பதற வேண்டாம். ஈரம் இல்லாத இடத்தில் பாக்டீரியா வளராது. பிஸ்கட் நமத்துப்போகும், பொடி மணம் இழக்கும், பருப்பு வேக நேரமெடுக்கும், வண்டு வரலாம். இதெல்லாம் ருசிக்கும் கௌரவத்துக்கும் வரும் கேடு. எண்ணெயும் கொட்டைகளும் முழுக்கோதுமை மாவும் காற்றும் வெளிச்சமும் பட்டுக் காறிப்போகும். அதை முகர்ந்தே கண்டுபிடிக்கலாம், பழைய பெயின்ட் மாதிரி ஒரு வாடை வரும். உங்கள் கணவர் கொட்டிய பாதி பாட்டில் எண்ணெயில் அந்த வாடை இல்லையென்றால் அது வீண்தான். ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் கணக்குப்படி 2022-ல் உலகம் வீணடித்த உணவு 105 கோடி டன், அதில் ஏறக்குறைய 60 சதவீதம் வீடுகளில் இருந்து போனது. மாமியாரின் எரிச்சலில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் உலர்ந்த பொருளில் பூசணம் வந்துவிட்டால் கதை வேறு. நிலக்கடலை என்று எழுதியதால் சொல்கிறேன். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. கடைசியில் தீவனத்தில் கலந்த கடலைப் புண்ணாக்கில் போய் நின்றது விசாரணை. அதில் வளர்ந்த ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை விட்ட நச்சுக்குத்தான் பிறகு அஃப்ளடாக்சின் என்று பெயர் வந்தது. கல்லீரலைக் கெடுக்கும், புற்றுநோயையும் வரவழைக்கும். வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுவதும் போகாது. சுருங்கிய, நிறம் மாறிய, பூசணம் பிடித்த, கசக்கும் கடலையை, தேதி அடுத்த வருடம்வரை இருந்தாலும் தூக்கிப் போடுங்கள். பொறுக்கி எடுத்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தலாமா என்றால், ஓரிரண்டு சொத்தை என்றால் சரி, பை முழுக்க ஈரவாடை அடித்தால் முழுவதையும் போட வேண்டியதுதான்.

ரொட்டியில் பச்சையாகத் தெரிவது பூஞ்சையின் மேல்பகுதி மட்டும். கண்ணுக்குத் தெரியாத இழைகள் உள்ளே ஓடியிருக்கும். ஓரத்தை மட்டும் கிள்ளிப் போட்டுவிட்டுத் தின்னாதீர்கள், அதை முகரவும் வேண்டாம், மூச்சுத் தொல்லை உள்ளவர்களுக்கு ஆகாது. கெட்டியான சீஸாக இருந்தால் மட்டும் பூசணத்தைச் சுற்றி இரண்டரை சென்டிமீட்டர் ஆழமாக வெட்டிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளலாம். ரொட்டி தீராது என்று தோன்றினால் ஃப்ரீசரில் வையுங்கள், ஃப்ரிட்ஜில் வைத்தால் சீக்கிரமே காய்ந்த மாதிரி ஆகிவிடும்.

டின் உணவுகளில் பெரும்பாலும் தரத்துக்கான தேதிதான் இருக்கும். துருவும் நசுங்கலும் இல்லாத டின், தேதி தாண்டி மாதங்கள் ஆனாலும் பாதுகாப்பாக இருக்கும். தக்காளி, அன்னாசி போன்ற புளிப்பானவை டின்னின் உள்பூச்சை மெல்ல அரிக்கும் என்பதால் அவற்றை முதலில் காலி செய்யுங்கள். இங்கே தேதியைவிட டின்னின் உடம்பைப் பார்க்க வேண்டும். கட்டைவிரலால் மேல்தட்டை அழுத்துங்கள். உள்ளே போய் 'டக்'கென்று திரும்பி வந்தாலோ, முன்பே உப்பியிருந்தாலோ, திறக்கும்போது பீறிட்டு அடித்தாலோ, மூட்டில் ஆழமாக நசுங்கியிருந்தாலோ முகரவும் வேண்டாம், நாக்கில் வைக்கவும் வேண்டாம். காற்றில்லாத, புளிப்பில்லாத இடம்தான் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமிக்குச் சொந்த வீடு. அதன் நச்சு நரம்புகளை முடக்கி மூச்சை நிறுத்தக்கூடியது, துளி போதும். 'ருசி பார்த்துச் சொல்கிறேன்' என்பவரை டின்கள் இருக்கும் அலமாரிப் பக்கமே விடாதீர்கள்.

பிரச்சினை தேதியில் இருப்பதைவிட உங்கள் ஃப்ரிட்ஜில் இருக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம். ஒரு சின்ன வேலை செய்யுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் ஃப்ரிட்ஜ் தெர்மாமீட்டரைப் போட்டு நடுத்தட்டில் ராத்திரி முழுக்க வைத்து, காலையில் கதவைத் திறந்ததும் படியுங்கள். 5 டிகிரிக்கு மேல் காட்டினால் திருகியைத் திருப்பிக் குளிரைக் கூட்டுங்கள். அடுத்த ராத்திரி அதே டம்ளரைக் கதவுத் தட்டில் வைத்துப் பாருங்கள், சில டிகிரி ஏறியிருக்கும். நாம் பாலை வைப்பது அங்கேதான்! கதவில் சாஸும் ஊறுகாயும் இருக்கட்டும், பாலையும் கறியையும் உள்ளே தள்ளுங்கள். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். வாகான சூட்டில் சில கிருமிகள் 20 நிமிடத்துக்கு ஒரு தரம் இரட்டிக்கும். ஒன்றாக ஆரம்பித்தது 7 மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டிவிடும். சமைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதனால்தான். மிஞ்சிய சோற்றைத் தட்டையான பாத்திரத்தில் பரப்பி ஆறவிட்டு உள்ளே வையுங்கள், மறுநாளே முடித்துவிடுங்கள். மிச்சம் மீதிக்கு யாரும் தேதி அச்சடித்துத் தருவதில்லை. டப்பா மூடியில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி நாளை எழுதிவைத்தால் உங்கள் கணவருக்கும் நிம்மதி.

யாராவது ஏற்கெனவே எதையாவது சாப்பிட்டுவிட்டு வயிற்றுப்போக்கும் வாந்தியுமாக இருந்தால், உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே இருங்கள். மலத்தில் ரத்தம், அதிகக் காய்ச்சல், சிறுநீர் குறைவது, எதைக் குடித்தாலும் நிற்காமல் வெளியே வருவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் போங்கள். பார்வை இரட்டையாகத் தெரிவது, பேச்சுக் குழறுவது, விழுங்க முடியாமல் போவது என்றால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது, நேராக அவசரப் பிரிவுக்கு. நாத்தனாருக்கு வெறும் காய்ச்சலும் உடம்பு வலியும் என்றாலும் என்ன சாப்பிட்டார் என்பதைச் சொல்லி மருத்துவரைப் பாருங்கள்.

உப்புக்கும் சர்க்கரைக்கும் தேதி போடுவது அதில் கிருமி வளரும் என்பதற்காக அல்ல. கட்டி தட்டுவது, அயோடின் குறைவது, உறை நைந்துபோவது என்று வேறு காரணங்களுக்காகப் போடுவார்கள். போடத் தேவையில்லை என்று கோடெக்ஸே சில பொருட்களை விலக்கி வைத்திருக்கிறது, அந்தப் பட்டியலில் வினிகரும் உண்டு. தேனில் ஈரம் மிகக் குறைவு, மூடி இறுக்கமாக இருந்தால் வருடக்கணக்கில் இருக்கும். கட்டியாக உறைந்துவிட்டால் வெதுவெதுப்பான நீரில் பாட்டிலை வைத்தால் இளகும், தூக்கிப் போட வேண்டாம். பிள்ளை பிறந்த பிறகு மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். தேனில் பாட்டுலினத்தின் விதைத்துகள் இருக்கக்கூடும். பெரியவர்களை அது ஒன்றும் செய்யாது, ஒரு வயதாகாத குழந்தையின் குடலில் முளைத்துவிடும். முதல் பிறந்தநாள்வரை தேனை நாக்கில் தடவக்கூட விடாதீர்கள். குழந்தைக்குப் பால்மாவு வாங்க நேர்ந்தால் அதன் தேதியை உங்கள் கணவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். தேதி தாண்டிய பால்மாவில் சத்தும் குறைந்திருக்கும், அதில் அவர் கண்டிப்பு அப்படியே இருக்கட்டும்.